கிருஷ்ணராஜ் விழுங்கிய மஞ்சள் கல்

டாங், டாங், டாங் என்று தார்ப் பீப்பாயில் அலவாங்கு என்ற இரும்புக் கடப்பாரை விழும் சத்தம் மலையெல்லாம் எதிரொலித்தது. கிருஷ்ணராஜின் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்த பொருள் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டது.

அந்த மாணிக்கக் குழியில் பீப்பாய்ச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: மண் சரிகிறது, போட்டது போட்டபடி மேலே ஓடி வா. ஆனால் அன்று காலை குழிக்குள் ஈ காக்கை கிடையாது. எல்லோரும் மேலேதான் இருந்தார்கள். இல்லம் கழுவும் நாள். கல் பதுங்கியிருக்கும் சரளை மண்ணுக்குத்தான் அங்கே இல்லம் என்று பெயர். மாதக்கணக்காகப் பாதாளத்திலிருந்து வாளி வாளியாக இழுத்து ஏற்றிய மண், காவல் குடிசையான வாடிக்கு முன்னால் கோபுரமாகக் குவிந்து கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறதோ, ஏது இருக்கிறதோ என்று ஒருவருக்கும் முதல் நாள் இரவு கண்ணே மூடவில்லை.

கிருஷ்ணராஜ் திரும்பிப் பார்த்தான். பீப்பாய்க்குப் பக்கத்தில் அலவாங்கும் கையுமாக நின்றவன் வேற்றாள் அல்ல, அவனுடைய சொந்த மச்சான் கிருஷாந்த். மனைவி விஜயகலாவின் கூடப் பிறந்த தம்பி.

“முதலாளி, ஓடியாங்க. மச்சான் கல்ல முழுங்கிட்டாரு. மஞ்சக் கல்லு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

கிருஷ்ணராஜ் எச்சிலைக் கூட்டி விழுங்கினான். தொண்டையில் நின்றது சுலபமாக வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. விழுங்கியதைப் பார்த்த கிருஷாந்த் இன்னும் நாலு தடவை பீப்பாயை மொத்தினான்.

பெல்மதுளையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில், தேயிலை மலை முடிந்து ஓடை தொடங்கும் இடத்தில் இருந்தது மஹ்ரூப் முதலாளியின் குழி. காணியும் அவருடையது, தண்ணீர் இறைக்கும் பம்பும் அவருடையது. இறங்கி வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்கிற கல்லில் பங்கு. அவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். இல்லம் குவிந்து கிடக்கும் நாட்களில் கயிறு கட்டிய எல்லைக்குள் ஒருவரும் வாயில் எதையும் போடக் கூடாது. வெற்றிலை கூடாது, பீடி கூடாது, டொபி மிட்டாய் கூடக் கூடாது. “வாய்க்குப் பூட்டில்ல, வயித்துக்குத் தொறப்பில்ல” என்பது அவர் வாக்கு. கல் வாய் வழியாகப் போய்விட்டால் எந்தத் திறப்பைப் போட்டும் வெளியே எடுக்க முடியாது என்பது அதன் பொருள்.

அந்தச் சட்டத்தைத்தான் கிருஷ்ணராஜ் மீறியிருந்தான். அதுவும் மண் கோபுரத்திலிருந்து எட்டித் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு. கயிற்றுக்கு வெளியே இருந்த வாடிக்குள் தேங்காய் ரொட்டியைத் தின்றுவிட்டுத் தண்ணீர்க் கேனை எடுக்கக் கயிற்றுக்குள் வந்தவன், மடியிலிருந்து எடுத்து வாயில் போட்டிருக்கிறான். காலை வெயில் சரியாக அந்த நேரம் பார்த்துத் தென்னை இடுக்கு வழியாக வந்து அவன் விரல் நுனியில் விழ, கண்ணாடி மாதிரி, தேன் மாதிரி, மஞ்சளாக ஒன்று பளிச்சிட்டது. மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவன் கண்ணுக்கு அது புஷ்பராகமாகத் தெரியாமல் வேறு என்னவாகத் தெரியும்?

மஹ்ரூப் முதலாளி இடுப்பில் கட்டிய சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கும் கனத்த மனிதர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கல் பார்க்கும் கண்ணாடி தொங்கியது. கயிற்று உருளை சுற்றும் பியதாச அதற்குள் கிருஷ்ணராஜின் தாடையைப் பிடித்துவிட்டான்.

“கட அரின்ன மல்லி, கட அரின்ன” என்று சிங்களத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, டோர்ச் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். ஒரு பக்கக் கன்னத்தில் ரொட்டித் துணுக்கு. மறு பக்கத்தில் அதுவும் இல்லை.

“போயிருச்சு” என்றான் பியதாச தமிழில், சாவு வீட்டில் சொல்வது போல.

கிருஷ்ணராஜ் தான் கல்லை விழுங்கவில்லை என்றான். பிள்ளைகள் மேல் சத்தியம் என்றான். அப்படியானால் விழுங்கியது என்ன என்று மஹ்ரூப் கேட்டார். கிருஷ்ணராஜ் வாயைத் திறந்தான், மறுபடி மூடினான். அந்த ஒரு கணத் தயக்கம் போதுமாக இருந்தது.

“நான் கொஞ்ச நாளாப் பாத்துக்கிட்டுத்தான் ஈக்குறேன்” என்றார் மஹ்ரூப், எல்லோருக்கும் கேட்கும்படி. “இவன் மணிக்கொரு தரம் குழியால மேல ஏறுறான். அந்த மூங்கில் பத்தைக்குப் பின்னால போறான். மெதுவா வாறான். திரும்ப எறங்குறான். மனிசனுக்கு அவ்வளவு தண்ணி எங்கால வருது? இப்பத்தானே வெளங்குது. ஒவ்வொரு பயணமும் ஒரு கல்லு.”

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. கிருஷ்ணராஜுக்கே ஒரு கணம் தான் திருடன்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. முதலாளி மூங்கில் பக்கம் நடமாடுவதை அவனும் கவனித்திருந்தான். இலைகளுக்கு நடுவே அந்த வெள்ளைச் சாரம் தெரியும்போதெல்லாம், இந்த மனிதர் ஏன் என் பின்னாலேயே திரிகிறார் என்று யோசித்திருக்கிறான். வேவு பார்க்கத்தான் என்று இப்போது விளங்கிவிட்டது.

தீர்ப்பு மளமளவென்று இறங்கியது. ஒன்று, உப்புத் தண்ணீர் குடித்து இங்கேயே வாந்தி எடுக்க வேண்டும். இல்லையென்றால் த்ரீவீலரில் ஏற்றி இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே பிடிக்க வேண்டும். எதுவானாலும் விஷயம் தெளியும்வரை அவன் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். அவன் கையால் இழுத்த மண்ணை அவன் இல்லாமலே கழுவுவார்கள். அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. கல்லுக் கள்ளன் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், சப்ரகமுவ மாகாணம் முழுக்கத் தேடினாலும் அவனை இறக்க ஒரு குழி கிடைக்காது.

தப்பிக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. அந்த உண்மையைத்தான் கிருஷாந்துக்கு முன்னால் சொல்ல முடியாது.

போன வருஷத்து அடைமழையில் தொடங்கிய தொல்லை அது. அடிவயிற்றுக்கும் கீழே, உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், கூழாங்கல் மேல் உட்கார்ந்தது போல ஓயாத ஒரு நோவு. சிறுநீர் கழித்தால் எரிச்சல். கழித்துவிட்டு வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற உணர்வு. இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் குந்தியிருந்து மண்வெட்டி போடுகிறவனுக்கு, குழிக்குள் அசுத்தம் பண்ணுவது பெரும் பாவம் என்று நம்பும் குழியில், ஏணியைப் பிடித்து ஏறி ஏறி இறங்குவதைத் தவிர என்ன வழி?

தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் இதற்கு ஒரே பெயர்தான்: பொம்பள சீக்கு. கண்ட இடத்துக்குப் போனவனுக்கு வருவது. பக்கத்து லயத்தில் ஒருவன் இதே நோவுக்கு ஆஸ்பத்திரி போன கதை ஊருக்கே தெரியும். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிகள் வந்து அவனைப் பின்னி எடுத்துவிட்டார்கள். முடிவில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. அதற்குள் அவனுக்குப் பல் இரண்டு போயிருந்தது. அந்த அடி சரியான அடி என்று அன்று லயம் முழுக்கப் பேசித் திரிந்தவன் கிருஷாந்த்.

கிருஷ்ணராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பல மாதம் தள்ளினான். கடைசியில் தாங்க முடியாமல், தோட்டத்தார் கண்ணில் படாத தூரத்தில் ஒரு தனியார் கிளினிக்கைத் தேடிப் போனான். உள்ளே போனால், தலையில் முக்காடு போட்ட சின்ன வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். டொக்டர் நுஹா என்று பலகையில் இருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தான். கதவு பின்னால் மூடிக்கொண்டது.

“என்ன வருத்தம்? வயித்து வலியா?”

“வயித்துக்குக் கீழங்க.”

“முழங்கால்லயா?”

“அம்புட்டுக் கீழ இல்லீங்க.”

அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தாள். அடுத்த தடவை போனபோது விளக்கம் சொன்னாள்.

கிருமி எதுவும் இல்லை. தொற்று வியாதியும் இல்லை. எந்தப் பெண்ணிடமிருந்தும் வந்தது இல்லை. ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் புரொஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். கிருமி இல்லாமலே அது அழன்று, வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கிறதாம். புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை என்று அவள் சொன்னபோதுதான் அவனுக்கு மூச்சே வந்தது. இன்னொரு விஷயமும் சொன்னாள். அவன் இரத்தத்தில் விட்டமின் டி மிகவும் அடியில் கிடந்தது.

“வெயில்ல கிடைக்குற விட்டமின் அது. இந்த நாட்டு வெயில்ல உங்களுக்கு எப்பிடிக் குறைஞ்சது?” என்று கேட்டாள்.

அவன் தன் வேலையைச் சொன்னான். கிழக்கு வெளுக்கும்போது குழிக்குள் இறங்கினால், மேலே ஏறும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் போயிருக்கும். நடுவில் ஏறுவது மூங்கில் நிழலுக்கு மட்டும்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இந்தச் சுரப்பி அழற்சி உள்ள ஆண்கள் சிலருக்கு விட்டமின் டி குறைவாக இருப்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றாள். உடம்பில் எழும் கொதிப்பை அடக்குவதில் அதற்கும் ஒரு கை இருக்கலாம். ஆனால் அது குறைந்ததால் நோய் வந்ததா, நோயாளி வீட்டுக்குள் முடங்கியதால் அது குறைந்ததா என்று இன்னும் யாருக்கும் அறுதியாகத் தெரியாது. குறைந்திருப்பதை நிரப்புவது எப்படியும் உடம்புக்கு நல்லது; நோவு அடங்கினால் அதிர்ஷ்டம். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று வேறு குளிசையும் எழுதினாள், இளஞ்சூட்டு நீரில் உட்காரச் சொன்னாள், மத்தியான வெயிலில் கொஞ்ச நேரம் கையும் காலும் படும்படி இருக்கச் சொன்னாள். விட்டமின் டிக்கு வாரத்துக்கு ஒரு மஞ்சள் குளிசை, எண்ணெய்ப் பசை உள்ள சாப்பாட்டுக்குப் பின்னால்.

வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் கிருஷ்ணராஜ் நினைத்தான். எப்படித் தொடங்குவது? ‘இது பொம்பள சீக்கு இல்ல’ என்று தொடங்கினால் விஜயகலா அந்த இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுவாள். அதனால் மறைத்தான். குளிசைப் பெட்டியை ஒளித்தான். வாரம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்து, குழிக்குப் பக்கத்தில் வைத்து வாயில் போட்டான். வந்தது வினை.

“என்ன ஓய், கல்லு ஜீரணமாகட்டும்னு நிக்கிறியா?” என்றார் மஹ்ரூப். ஒருவன் உப்புத் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து காலடியில் வைத்தான்.

அதற்குள் பீப்பாய்ச் சத்தம் மலைக்கு மேலே கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு எட்டிவிட்டது. குழி சரிந்துவிட்டது என்று பதறி, கூடையும் தலையுமாக அவர்கள் தேயிலைக்குள்ளால் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் எல்லை வாய்க்காலான கானுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். பெண்கள் குழிப் பக்கம் வருவதில்லை. வந்தால் கல் இறங்கிப் போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. பியதாச அதில் மிகவும் கண்டிப்பு.

முன் வரிசையில் விஜயகலா நின்றாள். புருஷன் முழு ஆளாக நிற்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் உயிர் வந்தது. அடுத்து, சுற்றி நிற்பவர்களைப் பார்த்ததும் அது போய்விட்டது.

என்ன நடந்தது என்று தம்பியிடம் கேட்டாள். கிருஷாந்த் சொன்னான். அவன் குரல் இப்போது முன்பு போல் ஓங்கி வரவில்லை. மச்சானைக் குழியில் சேர்த்துவிட்டவனே அவன்தான். நான் பொறுப்பு என்று முதலாளியிடம் சொல்லியிருந்தான். திருடனுக்குப் பொறுப்பு நின்றவன் என்று தன் பெயரும் சேர்ந்து அழியுமே என்ற பயத்தில்தான் முந்திக்கொண்டு பீப்பாயை அடித்திருந்தான்.

விஜயகலா கானுக்கு அப்பாலிருந்தே கேட்டாள்.

“என்னாத்த முழுங்குனீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க. நாளைக்குப் புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும். கள்ளன் மவன்னு கூப்புடுவானுங்க.”

கிருஷ்ணராஜ் ஒரு தடவை வாளியைப் பார்த்தான். ஒரு தடவை மண் கோபுரத்தைப் பார்த்தான். கள்ளன் என்ற பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டும். சீக்குக்காரன் என்ற பெயர் தன்னோடு போகும். பல் போனால் போகட்டும்.

“குளிசை” என்றான். “எனக்கு ஆம்பளைங்களுக்கு வர்ற ஒரு வருத்தம் இருக்கு. ஒண்ணுக்கு எரியும், அடிக்கடி முட்டும். அதுனாலதான் மூங்கிப் பக்கம் ஓடுறேன். கல்லு கொண்டு போகல.”

கிருஷாந்தின் கை அலவாங்கில் இறுகியதைக் கிருஷ்ணராஜ் பார்த்தான். பார்த்துவிட்டு, நிறுத்தினால் செத்தோம் என்று கடகடவென்று மீதியையும் கொட்டினான். கிருமி இல்லை, தொற்று இல்லை, யாரிடமும் போய் வந்ததும் இல்லை, டொக்டர் நுஹாவிடம் வந்து கேளுங்கள், ரிப்போர்ட் இருக்கிறது, உள்ளே ஒரு சுரப்பி வீங்கியிருக்கிறது, உடம்பில் வெயில் சத்து இல்லை, அந்தச் சத்துதான் அந்த மஞ்சள் குளிசை. வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் சொன்னான்.

கானுக்கு அந்தப் பக்கம் விஜயகலா இடுப்பில் கை வைத்தாள்.

“ரைஸ் குக்கர் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அந்த மஞ்சக் குளிசையா?”

கிருஷ்ணராஜ் திடுக்கிட்டான். “ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாம? ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போறாரு, ஒளிச்சு ஒளிச்சுக் குளிசை போடுறாரு. பெலத்துக்குப் போடுற மருந்துன்னுல்ல நெனச்சேன். எவளுக்காகப் போடுறாருன்னுதான் ஒரு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன்.”

கொழுந்துக் கூடைகள் குலுங்கின. ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தேயிலைச் செடிக்குள் குனிந்துகொண்டாள். இந்த உடம்புக்கு இன்னொருத்தி வேறு கேடா என்று இன்னொருத்தி கேட்டது இந்தப் பக்கம் வரை தெளிவாகக் கேட்டது. விஜயகலா சிரிக்கவில்லை. கூடையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்தாள். பெட்டியைக் கொண்டுவருகிறேன், அதுவரை என் புருஷன் மேல் யாராவது கை வைத்துப் பாருங்கள் என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, லயத்தை நோக்கி ஓடினாள்.

அவள் போய் வருவதற்குள் மஹ்ரூப் முதலாளி விசாரணையைத் தொடங்கினார். கிருஷ்ணராஜைப் பொலிஸ்காரர் மாதிரி வாடிக்குள் கூட்டிக்கொண்டு போய், பலகையில் உட்கார வைத்தார். குரல் மட்டும் ஏனோ தணிந்திருந்தது. இரவிலும் எழும்புகிறாயா என்றார். ஆம். போய் வந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரியா? ஆம். தும்மினால், இருமினால்? அது இல்லை. கடினமான இடத்தில் உட்கார்ந்தால் நோகுமா? நோகும். அந்த நோவு முன்னாலா, பின்னாலா, நடுவிலா?

கிருஷ்ணராஜ் பலகையின் நுனிக்கு நகர்ந்தான். எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு மடக்கப் பார்க்கிறார் மனுஷன். ஒரு பதில் பிசகினால் எக்ஸ்ரேதான்.

“இப்ப கொறைஞ்சு ஈக்குதா?” என்று கேட்டார் முதலாளி.

“முன்ன மாதிரி எரிச்சல் இல்லீங்க. ராவுல ஒரு தடவ எந்திரிச்சாப் போதும்.”

“அந்த மஞ்சக் குளிசையாலயா?”

“அதாலயா, மத்தக் குளிசையாலயா, சுடுதண்ணியாலயான்னு டொக்டரம்மாவே சொல்ல மாட்டேங்குறாங்க. தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டாங்க.”

மஹ்ரூப் தாடியைத் தடவிக்கொண்டார்.

விஜயகலா திரும்பி வந்தபோது அவள் முடி அவிழ்ந்திருந்தது, ஒரு செருப்பைக் காணோம். கானுக்கு அப்பால் நின்றபடியே குளிசைப் பெட்டியை ஓங்கி எறிந்தாள். பியதாச அதை ஓடிப்போய் அந்தரத்தில் பிடித்தான். எல்லோரும் முதலாளியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அட்டையிலிருந்து ஒரு குளிசை அவர் உள்ளங்கையில் விழுந்தது. மணி மாதிரி உருண்டு நின்றது. நெஞ்சிலிருந்த கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, விரலிடுக்கில் பிடித்து, சூரியனுக்கு நேரே உயர்த்தினார். எத்தனையோ ஆயிரம் கற்களை அப்படிப் பிடித்த கை அது. மஞ்சள் ஒளி அவர் கன்னத்தில் விழுந்தது.

“நெறம் அருமை” என்றார் பழக்கதோஷத்தில். “உள்ள ஒரு கீறலும் இல்ல.”

பிறகு நகத்தால் அழுத்தினார். கல் குழிந்தது. இன்னும் அழுத்தினார். பொத்தென்று உடைந்து, எண்ணெய் அவர் விரல் வழியாக வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. மீன் எண்ணெய் நாற்றமா, தேங்காய் எண்ணெய் நாற்றமா என்று பியதாச மோந்து பார்த்தான்.

பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கிருஷாந்த் எழுத்துக் கூட்டிப் படித்தான். மச்சானுடைய பெயர் இருந்தது. வாரத்துக்கு ஒன்று என்றும் இருந்தது. படித்து முடித்தவன் தலையைத் தூக்கவில்லை.

“மச்சான், அந்த அலவாங்காலயே என்னய அடிங்க.”

“இல்லத்தக் கழுவிட்டு அடிக்கிறேன்” என்றான் கிருஷ்ணராஜ். “இப்ப நேரமில்ல.”

உப்புத் தண்ணீர் வாளியை யாரோ காலால் தட்டிக் கவிழ்த்தார்கள். முதலாளி கயிற்றைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தார். கிருஷ்ணராஜ் குனிந்து உள்ளே போனான். கானுக்கு அந்தப் பக்கம் விஜயகலா தோளில் கூடையை மாட்டிக்கொண்டே, இன்றைக்கு வீட்டுக்கு வாருங்கள், வெயில் சத்து எப்படி ஏறுகிறது என்று காட்டுகிறேன் என்றாள். மிரட்டல் மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு நிம்மதி தெரிந்தது. அதைக் கிருஷ்ணராஜ் பார்த்துவிட்டான்.

பியதாச விளக்கை ஏற்றிக் கும்பிட்டான். பம்ப் உறுமத் தொடங்கியது. மண் அரிக்கும் வட்டிக் கூடைகள் மண்ணோடு ஓடைக்குள் இறங்கின. வட்டிக்குள் தண்ணீர் சுழன்றது, சேறு விளிம்பைத் தாண்டி வழிந்தது, எடையுள்ளது எல்லாம் அடியில் தங்கியது. கிருஷ்ணராஜ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெயில் முதுகில் அறைய, இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுழற்றினான். வலி இருந்ததா என்று அவன் யோசிக்கவே இல்லை. முதல் கூடையில் வெறும் சரளை. இரண்டாவதில் வெறும் சரளை. மூன்றாவதைச் சுழற்றி, சாய்த்து, கையால் ஒதுக்கினான்.

கறுப்புச் சரளைக்கு நடுவே நீலமாக ஒன்று அவனைப் பார்த்தது.

மயில் கழுத்து நீலம். பட்டாணியைவிடப் பெரிது. கிருஷாந்த் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு ஓடிவந்தான். பியதாச பம்பை விட்டுவிட்டு வந்தான். தலைகள் எல்லாம் கூடைக்கு மேல் முட்டிக்கொண்டன. யாரும் தொடவில்லை. முதல் கல்லை முதலாளிதான் தொட வேண்டும்.

முதலாளியைக் காணோம்.

வாடியில் இல்லை. பம்புக்குப் பக்கத்தில் இல்லை. கழுவுகிற நாளில் கூடையை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷன், கல் விழுந்த கணத்தில் எங்கே போனார்? கிருஷாந்த் முதலாளி, முதலாளி என்று கூவினான். மலை திருப்பிக் கூவியது. சற்று நேரத்தில் மூங்கில் பத்தைக்குப் பின்னாலிருந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மஹ்ரூப் வெளியே வந்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். கிருஷ்ணராஜுக்கு அந்த நடையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

அவன் கூடையைக் கிருஷாந்திடம் கொடுத்துவிட்டு, கரையேறிப் போய் அவரை வழிமறித்தான்.

“முதலாளி, எல்லாம் தெளிவாச்சே. இன்னமும் அந்த மூங்கியில நின்னு என்னய வேவு பாக்குறீங்களா?”

மஹ்ரூப் ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒருவரும் கேட்கும் தூரத்தில் இல்லை. அவன் தோளில் கையைப் போட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“வேவு பாக்கல்ல வாப்பா, நீ வாற ஒவ்வொரு நேரமும் நான் ஒனக்கு முந்தியே அங்க நிண்டேன்... அந்த டொக்டர் புள்ள எந்த நாள்ல ஈக்குறா?”